சிவப்புப் புள்ளி விழுந்த இடத்தில் நீங்கள் தோற்கவில்லை

நீங்கள் கேட்டது இது: ஒரு கோ ஆட்டம், 10 க்யூ (தொடக்கநிலை தாண்டிய பலம்), கருப்புக் காய், 19-க்கு-19 பலகை, கொமி (இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குத் தரும் ஈட்டுப் புள்ளி) 6.5, கடைசியில் 14.5 புள்ளியில் தோல்வி. காட்டாகோ என்கிற கணினி நிரலில் போட்டுப் பார்த்தபோது 113-வது காயில் பெரிய சிவப்புப் புள்ளி விழுந்தது, ஒரே காயில் 25 புள்ளி போனது என்று காட்டியது. "அதுவரை சமமாக ஆடினேன், அங்கே உயிர்-சாவு கணக்கில் தடுமாறிவிட்டேன், அப்படியானால் நான் இனி சுமெகோ (உயிர்-சாவுப் புதிர்) மட்டும் போட்டால் போதுமா, வியூகத்தை எப்படி வளர்ப்பது?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் குறிப்புகளோடு ஆட்டப் பதிவான எஸ்ஜிஎஃப் கோப்பையும் அனுப்பியிருந்தீர்கள். இரண்டு தடவை முழுக்க வைத்துப் பார்த்தேன்.

சுமெகோ போடுங்கள், தினமும் போடுங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தை நீங்கள் 113-ல் தோற்கவில்லை. 25-க்கும் 33-க்கும் நடுவில் பாதி தோற்றீர்கள், 66-ல் எண்ணிப் பார்க்காததால் மீதியைத் தோற்றீர்கள். அந்த இடங்களில் எந்திரம் பெரிதாக எதுவும் சொல்லியிருக்காது, மஞ்சள் கலரில் ஒன்று, பச்சையில் இரண்டு என்று ஓடிப் போயிருக்கும். அதனால்தான் நீங்கள் நேராக 113-க்குப் போய்விட்டீர்கள். பத்து க்யூவில் இருக்கிற பெரும்பாலானவர்கள் இப்படித்தான் தங்கள் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள், நானும் பல மாதம் இப்படித்தான் பார்த்தேன்.

பலகையை எடுத்து வையுங்கள். இடமிருந்து வலம் ஏ முதல் டி வரை (ஐ எழுத்து கிடையாது, எச்-க்கு அடுத்தது ஜே, வலது ஓரக் கடைசி வரி ஆங்கில எழுத்துவரிசையின் இருபதாவது எழுத்து, நாம் அதைத் தொடப் போவதில்லை, கீழே டி என்று வருவதெல்லாம் இடமிருந்து நான்காவது வரி), கீழிருந்து மேல் 1 முதல் 19. நீங்கள் க்யூ16, க்யூ4 என்று வலது பக்கத்து இரண்டு நட்சத்திரப் புள்ளிகளையும் எடுத்தீர்கள், வெள்ளை டி4, டி16. 5-ல் எஃப்17-ல் இருந்து மூலையை நெருங்கினீர்கள், வெள்ளை சி14-ல் பதில், நீங்கள் கே17 வரை நீண்டீர்கள். அப்புறம் வெள்ளை ஓ3, நீங்கள் ஆர்6, வெள்ளை கே3, 11-ல் க்யூ10. இதுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை, எல்லாம் பாடத்தில் இருப்பதுதான்.

12-ல் வெள்ளை ஆர்17-ல் குதித்தது, மூன்று-மூன்றுப் புள்ளி, அதாவது மூலையின் இரண்டு ஓரத்திலிருந்தும் மூன்றாவது வரி. ஆல்ஃபாகோ என்கிற கணினி நிரல் வருவதற்கு முன்னால் இவ்வளவு சீக்கிரம் மூன்று-மூன்றில் நுழைந்தால் ஆசிரியர் காதைத் திருகியிருப்பார், இப்போது தொழில்முறை ஆட்டக்காரர்களே முதல் பத்துக் காய்களுக்குள் நுழைகிறார்கள். நீங்கள் ஆர்16-ல் தடுத்தீர்கள், க்யூ10 அங்கே காத்திருக்கிறதே, சுவர் அதைப் பார்த்து நிற்கட்டும் என்று. மிகச் சரி. 23 வரை பழைய ஜோசெக்கி (மூலையில் இரண்டு பேரும் ஆடும் வழக்கமான காய்வரிசை), வெள்ளைக்கு மூலையில் பத்துப் புள்ளிக்குள் ஒரு சின்ன வீடு, உங்களுக்கு ஓ18, ஓ17, பி17 என்று மேலேயும் ஆர்16, ஆர்15, எஸ்15 என்று பக்கவாட்டிலும் ஒரு பெரிய சுவர். அடுத்த காய் வெள்ளைக்கு.

இங்கே நிறுத்துங்கள். இந்த நிலையை ஒரு நிமிடம் வெறுமனே பாருங்கள். ஆட்டத்தை மறுபடி பார்க்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி "எந்தக் காய் நல்ல காய்" என்பதில்லை. "இந்தப் பலகையில் யார் பலமாக இருக்கிறார்கள், யார் தனியாக நிற்கிறார்கள்" என்பதுதான். உங்கள் மேல் வலது சுவர் இரும்பு. கே17 அந்தச் சுவரிலிருந்து மூன்று புள்ளி தள்ளி நிற்கிறது, அதுவும் பலம். எஃப்17 மட்டும் டி16, சி14 இரண்டையும் பார்த்துக்கொண்டு தனியாக நிற்கிறது. அவ்வளவுதான் கணக்கு. பலகையில் உங்கள் பலவீனம் ஒரே ஒரு காய்.

24-ல் வெள்ளை எச்17-ல் நுழைந்தது, எஃப்17-க்கும் கே17-க்கும் நட்டநடுவில். நீங்கள் 25-ல் ஜே17, எச்17-ஐ உரசியபடி. வெள்ளை எச்16 என்று எழுந்தது. நீங்கள் ஜே16, வெள்ளை எச்15, நீங்கள் ஜே15, வெள்ளை எச்14, நீங்கள் ஜே14. பிறகு 32-ல் வெள்ளை எஃப்15-ல் மூடியது. எஃப்17 உள்ளே விழுங்கப்பட்டது.

உங்கள் குறிப்பில் இந்த இடத்தில் "கே17-ஐப் பாதுகாத்து மேல் பக்கத்தை எடுத்துக்கொண்டேன், 20 புள்ளிக்கு மேல்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன், உண்மைதான், ஜே வரிக்கும் ஓ வரிக்கும் நடுவில் சுமார் 22 புள்ளி வருகிறது. ஆனால் அந்த இடம் ஏற்கனவே உங்களுடையதுதானே. அங்கே வெள்ளை நுழைந்திருந்தால் உங்கள் சுவருக்கும் கே17-க்கும் நடுவில் மாட்டி மூச்சுத் திணறியிருக்கும். ஏற்கனவே சுவர் இருந்த இடத்தில் அதற்கு எதிரே நான்கு காய் செலவழித்து இன்னொரு சுவர் கட்டினீர்கள். அந்த நான்கு காய்க்கும் பதிலாக வெள்ளையும் நான்கு காய் வைத்துச் சுவர் கட்டியது, ஆனால் அதன் சுவர் காலியாகக் கிடந்த இடது பக்கத்தைப் பார்க்கிறது. மேல் இடது மூலை முழுக்க வெள்ளையின் கைக்குப் போயிற்று, 30 புள்ளிக்குக் குறையாது, போதாததற்கு எஃப்17-ம் உள்ளே. 24 வரைக்கும் அது அரைகுறையாக, கருப்பு எட்டிப் பார்த்தாலே ஆட்டம் காணும் இடமாகத்தான் இருந்தது.

இன்னொரு விஷயம். தொட்டுக்கொண்டு ஆடினால் இரண்டு பேரும் பலமாவார்கள். இது கோ ஆட்டத்தில் மாறாத ஒன்று. தொட்ட காய் பதிலுக்கு எழும், எழுந்தால் அதன் மூச்சு, அதாவது அதை ஒட்டிய காலிப் புள்ளிகள், கூடும். அதனால் தாக்க நினைக்கிற காயை உரசக் கூடாது, தள்ளி நின்று அதன் வழியை அடைக்க வேண்டும். நீங்கள் எச்17-ஐ உரசினீர்கள், அதற்கப்புறம் ஜே16, ஜே15, ஜே14 என்று பின்னாலிருந்து தள்ளினீர்கள். பின்னாலிருந்து தள்ளும்போது எதிராளி எப்போதும் ஒரு தலை முன்னாலேயே இருப்பார், ஒவ்வொரு தள்ளலும் அவருக்கு நீங்கள் கொடுக்கிற ஒரு காய்.

25-ல் என்ன செய்திருக்கலாம்? எஃப்15. எஃப்17-லிருந்து ஒரு புள்ளி தாண்டி மேலே வருவது, அதாவது நடுப்பலகையைப் பார்த்து. இந்த ஒரு காயால் உங்கள் ஒரே பலவீனம் போய்விட்டது, அதோடு எச்17 தனியாகிவிட்டது: ஒரு பக்கம் எஃப்15, மறுபக்கம் கே17-ம் அதன் பின்னால் அந்த இரும்புச் சுவரும். வெள்ளை எச்15 என்று தாவி ஓட வேண்டும், நீங்கள் துரத்த வேண்டும், துரத்துகிற ஒவ்வொரு காயும் வலது பக்கத்து மொயோவை, அதாவது இன்னும் நிலமாக முடிவாகாத பெரிய வளைப்பை, பெருக்கும். சுவர் இருப்பதே இதற்குத்தான். சுவரை வைத்து நிலம் வளைக்காதே, சுவரை நோக்கி எதிரியை விரட்டு என்று பழைய ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இந்த ஒரு நிலையில் அப்படியே கிடக்கிறது. நீங்கள் இந்த ஆட்டத்தில் இருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இந்த இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

25, 27, 29, 31 நான்கும் தனித்தனியாகப் பார்த்தால் பெரிய தப்பு எதுவும் கண்ணில் படாது, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு புள்ளி கரைந்திருக்கும், 25-ல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக. எந்திரம் ஒவ்வொரு காயாகக் கணக்கெழுதுகிறது. "25-ல் வந்த யோசனையே தப்பு, மற்ற மூன்றும் அதன் வால்" என்று அது சொல்லாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வியூகத் தப்பு என்பது ஒரு காயில் இருப்பதில்லை, ஒரு எண்ணத்தில் இருக்கிறது, அந்த எண்ணம் ஆறேழு காய்களில் பரவிக் கிடக்கும்.

சரி, 32-க்கு அப்புறம் உங்கள் முறை. சென்டே உங்கள் கையில், அதாவது எங்கே வேண்டுமானாலும் வைக்கும் உரிமை. அவ்வளவு நடந்த பிறகும் ஆட்டம் போய்விடவில்லை, ஏனென்றால் இடது பக்கம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது, சி14-க்கும் டி4-க்கும் நடுவில் ஒரு காய்கூட இல்லை. நீங்கள் 33-ல் ஆர்13 வைத்தீர்கள். ஏன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது: "வெள்ளை இங்கே நுழைந்துவிடுமோ என்று பயம்."

அந்தப் பயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மேலே ஆர்15, எஸ்15 சுவர். கீழே க்யூ10. நடுவில் நான்கே வரி. வெள்ளை ஆர்13-ல் நுழைந்தால் அதற்குக் கண் (உயிர் பிழைக்க இரண்டு வேண்டும், காய்கள் சூழ்ந்த காலிப் புள்ளி) போட இடமில்லை, நடுப்பலகைக்கு ஓடினால் மொயோவுக்குள் ஓட வேண்டும், ஓடினால் துரத்தலாம். அங்கே வெள்ளை நுழைந்தால் சந்தோஷப்பட வேண்டியவர் நீங்கள். நுழைந்தால் நமக்கு நல்லது என்கிற இடத்தை யாராவது காவல் காப்பார்களா? ஆனால் ஆடும்போது அப்படித் தோன்றாது, தெரியும். நமது நிலம் என்று மனதில் ஒருமுறை எழுதிவிட்டால் அதில் ஒரு எறும்பு ஊர்ந்தாலும் பதறுகிறோம்.

34-ல் வெள்ளை சி9. இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளை. அந்த சி9 உங்களுடைய இடம், 33-ல் நீங்கள் வைத்திருக்க வேண்டிய இடம். மேலேயும் கீழேயும் இரண்டு புள்ளி விட்டுப் பரவ வழியிருக்கிற புள்ளி, ஜப்பானியர்கள் வாரிஉச்சி என்பார்கள். வெள்ளை மேலிருந்து நெருக்கினால் கீழே பரவலாம், கீழிருந்து வந்தால் மேலே. ஒரு காயை வைத்துவிட்டு எதிராளியின் பெரிய கனவை இரண்டாக உடைத்துவிடலாம். எஃப்15 பக்கத்தில் வெள்ளை பலமாக இருப்பதால் கொஞ்சம் அடி வாங்கும், வாங்கட்டும், அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டாலே போதும்.

நடுவில் ஒரு சின்ன விஷயம், 53-ல் டி17, வெள்ளை சி17. "அட்டாரி பயம் காட்டி (அடுத்த காயில் பிடித்துவிடுவேன் என்று மிரட்டி) ஒரு காய் லாபம்" என்பது போல அதை வைத்திருக்கிறீர்கள். எஃப்17 விழுங்கப்பட்டாலும் முழுதாகச் சாகவில்லை, சி17-ல் மூன்று-மூன்றில் நுழைந்து மூலைக்குள் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அந்த மூலையில் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தைத்தான் அஜி என்கிறோம், நேற்று வைத்த குழம்பின் ருசி போல உள்ளே கிடக்கும், நேரம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். 53-54 பரிமாற்றம் அந்த ருசியைக் கொட்டிவிட்டது. வைக்கும்போது கைக்கு இதமாக இருந்த பரிமாற்றங்களை எல்லாம் ஒரு பென்சிலால் வட்டம் போட்டு வையுங்கள், அதில் பாதி இப்படித்தான் இருக்கும்.

இப்போது 66. இங்கேதான் எனக்கு உண்மையாக மனசு சங்கடப்பட்டது, ஏனென்றால் இங்கே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும்.

66 முடிந்ததும் பலகையை அப்படியே நிறுத்தி எண்ணினேன். துல்லியமாக எண்ண வேண்டியதில்லை, இரண்டிரண்டாகக் கண்ணால் தள்ளிக்கொண்டே போனால் போதும். வெள்ளைக்கு இடது பக்கம் முழுக்க 55, மேல் வலது மூலையில் 8, கீழே 8, கொமி 6.5. ஆக 77.5. உங்களுக்கு மேலே 22, வலது பக்கமும் கீழ் வலது மூலையும் சேர்த்து 40. ஆக 62. பதினைந்து புள்ளி பின்னால் நிற்கிறீர்கள். உங்கள் குறிப்பில் அதே இடத்தில் "வலது பக்கம் பெரிதாக இருக்கிறது, நிம்மதி" என்று இருக்கிறது.

பெரிதாகத்தான் இருக்கிறது. எதிராளியுடையதையும் எண்ணினால்தான் அது போதுமா என்று தெரியும். எண்ணியிருந்தால் அடுத்த காய் தானாகவே தெரிந்திருக்கும்: 55-ஐ 40 ஆக்கியாக வேண்டும், வேறு எதைச் செய்தும் பயனில்லை. நடுப்பலகை இன்னும் திறந்திருந்தது, மேலிருந்து, அதாவது நடுப்பலகைப் பக்கத்திலிருந்து, ஜி10 பக்கமாக அழுத்தி, வெள்ளையை ஓரத்திலிருந்து மூன்றாவது வரிக்குத் தள்ளியிருக்கலாம். உள்ளே குதித்து உயிர் பிழைக்கத் தேவையில்லை, மேலிருந்து தோளில் தட்டினாலே (எதிராளியின் காய்க்கு மூலைவாட்டில் வைத்தாலே) 15 புள்ளி குறைந்திருக்கும். மார்ச் 2016-ல் சியோலில் கொரியத் தொழில்முறை ஆட்டக்காரர் லீ சேடோலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் ஆல்ஃபாகோ வைத்த 37-வது காயை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், நான்காவது வரியில் நின்ற வெள்ளைக் காயின் தோளில், ஐந்தாவது வரியில் வைத்தது. நேரலையில் விளக்கிக்கொண்டிருந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே முதலில் அது தப்பாகத் தெரிந்தது. அது உள்ளே நுழையவும் இல்லை, எதையும் வளைக்கவும் இல்லை, மேலிருந்து அழுத்தியது. ஐந்தாவது வரியில் அழுத்தினால் எதிராளிக்கு நான்காவது வரியில் நிலம் கிடைக்கும், அது அதிகம் என்றுதான் எல்லோரும் அதுவரை நினைத்திருந்தார்கள். பலகை முழுவதையும் சேர்த்து எண்ணினால் சில நேரம் அது அதிகமில்லை.

நீங்கள் 67-ல் என்ன செய்தீர்கள் என்றால், கீழ்ப்பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு காய்களைக் காப்பாற்றினீர்கள். கே3-க்கும் ஓ3-க்கும் நடுவே எம்3 பக்கமாகப் போய் விழுந்தவை. அந்த இரண்டும் வெள்ளையின் எந்தக் கூட்டத்தையும் வெட்டவில்லை. ஓ3 பக்கம் அதற்குள் வெளியேறிவிட்டது, கே3 பக்கம் பிழைத்துவிட்டது. அந்த இரண்டு காய்களுக்கு வேலை முடிந்துவிட்டது. வெட்டும் காயைக் காப்பாற்று, வேலை முடிந்த காயை விட்டுவிடு. காயைக் கைவிட்டு முன்னுரிமையைப் பிடி என்று கோவின் பழைய சீனப் பத்து விதிகளில் ஒன்று இருக்கிறது, நான்கே எழுத்து. காப்பாற்றியதன் மதிப்பு ஏழெட்டுப் புள்ளி இருக்கும், அது கோட்டே வேறு, அதாவது எதிராளி பதில் சொல்லத் தேவையில்லாத காய், முன்னுரிமையும் கையை விட்டுப் போயிற்று. 68-ல் வெள்ளை இடது பக்கத்தை மேலிருந்து மூடிவிட்டது.

அதற்கு மேல் வழியில்லாமல் 89-ல் இடது பக்கத்துக்குள் குதித்தீர்கள். வழியில்லை என்று உங்களுக்கே உள்ளூரத் தெரிந்திருக்கிறது, ஆனால் எண்ணாததால் எப்போது தெரிந்தது என்பதுதான் தாமதம். சுற்றிலும் வெள்ளை பலமாக இருக்கிறது, அதே பத்து விதிகளில் எல்லைக்குள் நுழையும்போது நிதானம் வேண்டும் என்று இன்னொன்றும் உண்டு. உள்ளே ஆடினீர்கள், நன்றாகவே ஆடினீர்கள், வெள்ளையும் ஒரு இடத்தில் தடுமாறியது, 113-ல் இரண்டாவது கண் கிடைக்கிற புள்ளி ஒன்று திறந்தது. அதைத் தவறவிட்டு வேறு பக்கம் ஓடினீர்கள். சிவப்புப் புள்ளி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 66-ல் 15 பின்னால். கடைசி முடிவு 14.5 பின்னால். நடுவில் 25 புள்ளித் தப்பு எங்கே போயிற்று? ஜப்பானிய விதியில், செத்துப்போன உங்கள் காய் ஒவ்வொன்றும் வெள்ளைக்கு ஒரு புள்ளி. ஆனால் அதற்குப் பதிலாக வெள்ளை தன் நிலத்துக்குள்ளேயே ஒரு காய் வைக்க வேண்டியிருந்தது, அது அதற்கு ஒரு புள்ளி நஷ்டம். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிட்டது. 89 முதல் 113 வரை நடந்த அத்தனை சண்டையும் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். 112-ல் வெள்ளை தப்பு செய்ததால் உங்களுக்கு ஒரு பரிசு கிடைத்தது, உயிர் பிழைத்திருந்தால் 10 புள்ளி முன்னால் போயிருப்பீர்கள். 113-ல் அந்தப் பரிசை வாங்காமல் விட்டீர்கள். எந்திரம் காட்டிய 25 அந்தப் பரிசின் மதிப்பு. பரிசை வாங்கத் தெரிய வேண்டும்தான், அதற்குத்தான் சுமெகோ. ஆனால் பரிசு வந்தால்தான் ஜெயிக்க முடியும் என்கிற நிலைக்கு எப்படிப் போனோம் என்பது வேறு கேள்வி, உங்கள் வியூகத்துக்கான பதில் அதில் இருக்கிறது.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம், 180-க்கு அப்புறம், பெரிய குறை இல்லை. வெள்ளை கை வைத்த இடத்தில் எல்லாம் கூடவே கை வைத்தீர்கள், அதில் இரண்டு மூன்று இடங்களில் கண்டுகொள்ளாமல் வேறு பக்கம் போயிருக்கலாம். அதை இப்போதைக்கு விடுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்ததும் முதலில் எந்திரத்தைத் திறப்பதில்லை. பலகையில் நினைவிலிருந்து திருப்பி வைக்கிறேன். கொரியர்கள் பொக்கி என்பார்கள், சீனர்கள் ஃபூபான், தொழில்முறை ஆட்டக்காரர்கள் தோற்ற கையோடு எதிராளியுடனேயே உட்கார்ந்து திருப்பி வைக்கிறார்கள், தோற்றவர் முகம் வாடிக் கிடந்தாலும் கை வைத்துக்கொண்டே போகும். சீனத்தில் இந்தச் சொல் இப்போது பங்குச் சந்தை வரை போய்விட்டது, நாள் முடிந்ததும் அன்றைய வியாபாரத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கும் ஃபூபான்தான். பத்து க்யூவில் முழு ஆட்டமும் நினைவிருக்காது, ஐம்பது காய் வந்தாலே நல்லது. எங்கே நினைவு அறுகிறதோ அங்கே குறித்துக்கொள்ளுங்கள். காரணத்தோடு வைத்த காய் பெரும்பாலும் மறப்பதில்லை. மறந்துபோனது எதிராளி வைத்தாரே என்று நீங்களும் பக்கத்தில் வைத்த காயாக இருக்கும், அந்த இடங்களில்தான் நீங்கள் அவர் பின்னாலேயே போயிருக்கிறீர்கள்.

அப்புறம் கோப்பைத் திறந்து உங்கள் காய்களில் ஒரு இருபதுக்கு மட்டும் ஒவ்வொரு வரி எழுதுங்கள், அப்போது என்ன நினைத்தேன் என்று. இதை நீங்கள் ஏற்கனவே செய்திருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு எழுத எனக்கு வழி கிடைத்தது, நிறுத்திவிடாதீர்கள். எழுதியதை வாசிக்கும்போது "பயம்", "பாதுகாத்தேன்", "காப்பாற்றினேன்" என்கிற வார்த்தைகள் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள். உங்கள் குறிப்பில் 25, 33, 67 மூன்றிலும் வருகிறது. மூன்றும் ஆட்டத்தைத் தீர்மானித்த இடங்கள். மூன்றிலும் பாதுகாத்தது பாதுகாப்பு தேவைப்படாத ஒன்றை, அல்லது பாதுகாக்கத் தகுதியில்லாத ஒன்றை.

50, 100, 150 என்று மூன்று இடத்தில் எண்ணுங்கள். தப்பாக எண்ணினாலும் பரவாயில்லை, ஐந்து புள்ளி அப்படி இப்படி இருக்கட்டும், பழகினால் ஆடிக்கொண்டிருக்கும்போதே அரை நிமிடத்தில் எண்ண வந்துவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகு காட்டாகோ. 2019-ல் டேவிட் வூ வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், அதோடு வெற்றி வாய்ப்பு விகிதம் மட்டும் சொல்லாமல் எத்தனை புள்ளி முன்னால் இருக்கிறது என்றும் சொல்லும். நமக்கு அந்தப் புள்ளிக் கணக்குதான் வேண்டும். விகிதம் என்பது எந்திரமே எந்திரத்தோடு மிச்ச ஆட்டத்தை ஆடினால் என்ன ஆகும் என்பது, பத்து க்யூவில் 90 சதவீதம் என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. அது காட்டுகிற நீலப் புள்ளியை மனப்பாடம் பண்ணாதீர்கள். நீங்கள் ஏற்கனவே சந்தேகப்பட்டு வைத்திருக்கிற மூன்று நான்கு இடங்களுக்குப் போய், உங்கள் மாற்று யோசனையை நீங்களே வைத்து, புள்ளிக் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். எஃப்15 நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம், வைத்துப் பாருங்கள், ஜே17-ஐயும் வைத்துப் பாருங்கள், அதற்கப்புறம் எட்டுப் பத்துக் காய் தள்ளி இரண்டு பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கும் அதற்கும் கருத்து வேறுபட்டால் அதையே நம்புங்கள், ஆனால் ஏன் என்று உங்கள் வார்த்தையில் ஒரு வரி எழுத முடிகிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள். எழுத முடியாத காய் உங்கள் கையில் இன்னும் வேலை செய்யாது.

இன்னும் ஒன்று செய்யுங்கள், இதுதான் எனக்கு அதிகம் உதவியது. 32 வரை பலகையில் வைத்துவிட்டு, 33-ஐ சி9-ல் வைத்து, அங்கிருந்து உங்கள் பலத்தில் இருக்கும் ஒரு நண்பரோடு ஆடுங்கள். அவரை முதல் காயிலேயே ஆர்13-ல் நுழையச் சொல்லுங்கள். நீங்கள் அந்தக் காயைத் தொடாமல், மேலிருந்து பி12 பக்கமாக மூடித் துரத்திப் பாருங்கள். அது பிழைத்தாலும் பிழைக்கட்டும், துரத்தி முடிக்கும்போது நடுப்பலகையில் உங்கள் காய்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று கவனியுங்கள். அப்புறம் இடம் மாறி உட்காருங்கள், நீங்கள் வெள்ளையாக ஆர்13-ல் நுழையுங்கள். அங்கே உள்ளே போய் மூச்சு வாங்கிப் பார்த்தால், அடுத்த ஆட்டத்தில் உங்கள் சுவர் பக்கத்தில் யாராவது நுழைந்துவிடுவார்களோ என்ற பதற்றம் வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள், அந்த ஆட்டத்தின் கோப்பையும் அனுப்புங்கள்.